ஏகாந்தத்தில் இருந்தவர் யாரை நினைத்தார்?

(பட்டிமன்றத் தலைப்பு: இயற்கைக் கவிதைக்கு உயிர் தருவது தனிமையா, உறவின் நினைவா? ‘உறவின் நினைவே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. அவர் பேசியது தனிமையைப் பற்றி அல்லவா, நாமெல்லாரும் ஆளுக்கொரு மலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம். அவர் தைரியத்தைப் பாராட்ட வேண்டும். தனிமைதான் சிறந்தது என்பதை இத்தனை பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார். கைதட்டலையும் மறுக்கவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது: வீட்டையும் உறவையும் விட்டு விலகினால்தான் கவிஞரோடு மரம் பேசும், நிலவு பேசும். உறவு என்றாலே சத்தம். சத்தத்துக்கு நடுவே கவிதை வராது. இதற்குச் சாட்சியாக ஔவையை அழைத்தார், ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை அழைத்தார், அமெரிக்க எழுத்தாளர் தோரோவை அழைத்தார், பாரதியின் காணி நிலத்தையும் அழைத்தார். நான் இப்போதைக்குப் புதுச் சாட்சி எதையும் கொண்டுவரப் போவதில்லை. அவருடைய சாட்சிகளைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கொடுங்கள்.

முதலில் ஔவை. “இனிது இனிது ஏகாந்தம் இனிது” என்று சொல்லிவிட்டு நண்பர் நிறுத்திக்கொண்டார். ஔவை நிறுத்தவில்லையே! அதனினும் இனிது ஆதியைத் தொழுதல், அதனினும் இனிது அறிவினர்ச் சேர்தல் என்று மேலே போகிறாள். அதற்கும் மேலே, அறிவுள்ளோரைக் கனவிலும் நனவிலும் காண்பது என்று முடிக்கிறாள். அவள் கணக்கில் ஏகாந்தம் கடைசி இடம். அறிவினர் என்றால் உறவினரா என்று கேட்பீர்கள். சில வீடுகளில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனவில்கூட இன்னொரு மனிதரைக் காண விரும்பும் ஒருத்தியைத் தனிமைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டது எதிரணியின் பிழை.

அப்புறம் வேர்ட்ஸ்வொர்த். இவரைக் கொஞ்சம் நிதானமாக விசாரிக்க வேண்டும். ஏனென்றால் தனிமைக் கட்சியின் மிகப் பெரிய சாட்சி இவர்தான். “மேகம் போலத் தனியே அலைந்தேன்” என்று தொடங்கும் டாஃபடில் கவிதையைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு. ஏரிக்கரை, காற்றில் ஆடும் மஞ்சள் பூக்கள், பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஒற்றை மனிதர். எவ்வளவு அழகான தனிமை!

நடந்தது என்ன? 1802 ஏப்ரல் 15. உல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. வேர்ட்ஸ்வொர்த் தனியாகப் போகவில்லை. தங்கை டோரதி கூடவே நடந்தாள். அன்று பார்த்ததை டோரதி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தாள். சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்திருந்தனவாம், மற்றவை ஆடின, சுழன்றன, ஏரியிலிருந்து வந்த காற்றோடு சேர்ந்து சிரித்தன என்று அவள் எழுதியிருக்கிறாள். அண்ணன் கவிதை எழுதியது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. 1807-இல் அச்சாகிறது. பூக்களின் அந்த ஆட்டம் அதில் இருக்கிறது, பூக்களின் கொண்டாட்டமும் இருக்கிறது. கூட நடந்த தங்கை மட்டும் இல்லை.

இதோடு முடிந்தால்கூட விட்டுவிடுவேன். அந்தக் கவிதையில் எதிரணி மிக உயர்த்திப் பிடித்த அடிகள் எவை? ‘தனிமையின் பேரின்பமான அந்த அகக்கண்ணில் பூக்கள் பளிச்சிடுகின்றன’ என்ற இரண்டு அடிகள். நண்பர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவையும் உருகியது. நடுவர் அவர்களே, அந்த இரண்டு அடிகளும் வேர்ட்ஸ்வொர்த் எழுதியவை அல்ல. அவர் மனைவி மேரி எழுதிக் கொடுத்தவை. கவிதையின் மிகச் சிறந்த இரண்டு அடிகள் மேரியுடையவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். ஆக, தனிமையின் இன்பத்தைப் பாடுவதற்கு அவருக்குத் தங்கையின் நாட்குறிப்பும் மனைவியின் இரண்டு அடிகளும் தேவைப்பட்டிருக்கின்றன. வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தனிமை பாடப்பட்டிருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.

எதிரணி இதற்கு என்ன பதில் சொல்லும் என்று தெரியும். “தங்கை கூட இருந்தும் கவிஞர் அவளைக் கவிதையிலிருந்து எடுத்துவிட்டார் பாருங்கள், கவிதைக்குத் தனிமைதான் தேவைப்பட்டது” என்பார்கள். நல்ல பதில்தான். ஆனால் கவிதையின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். ஏரிக்கரையில் நின்றபோது அந்தக் காட்சி தனக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வீட்டில் சாய்ந்து படுத்திருக்கும்போது பூக்கள் மனத்துக்குள் வருகின்றன. அப்போதுதான் நெஞ்சு நிறைகிறது. கவிதை நடக்கும் இடம் ஏரிக்கரை அல்ல, நினைவு. அந்த நினைவைக் காப்பாற்றி வைத்திருந்தது யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தோரோவுக்கு வருவோம். 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தானே கட்டிய சிறு வீட்டில் குடியேறினார். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம் இருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குடிலில் உட்கார்ந்து அவர் முதலில் எழுதி முடித்த புத்தகம் எது? அண்ணன் ஜானோடு 1839-இல் படகில் போன ஆற்றுப் பயணத்தைப் பற்றிய புத்தகம். அந்த அண்ணன் 1842-இல் டெட்டனஸ் கண்டு இறந்துபோனார். 1849-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முகப்பில் நாலு வரிக் கவிதை. என்னோடு படகில் வந்தவனே, நீ இப்போது எந்த மலையில் ஏறினாலும் எந்த ஆற்றில் போனாலும் எனக்குக் கவிதை தரும் தெய்வமாக நீயே இரு, அண்ணா என்று கேட்கிறார். காட்டுக்குள் போய்த் தனியாக உட்கார்ந்தவர் காட்டுத் தேவதையைக் கூப்பிடவில்லை, அண்ணனைத்தான் கூப்பிட்டார். நண்பர் தோரோவை முழுதாகப் படித்துவிட்டுத்தான் நம் பக்கம் அனுப்பினாரோ என்று தோன்றுகிறது. நன்றி.

காணி நிலம். தென்னைமரம், முத்துச்சுடர் போலே நிலாவொளி, குயிலோசை, இளந்தென்றல் வரைக்கும் நண்பர் பாடினார். நல்ல குரல். ஆனால் அதற்கு அடுத்த அடி வந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அந்த அடி இதோ:

“பாட்டுக் கலந்திடவே – அங்கேயொரு
பத்தினிப் பெண் வேணும் – எங்கள்
கூட்டுக் களியினிலே – கவிதைகள்
கொண்டுதர வேணும்.”

கவிதை எதிலிருந்து வர வேண்டும் என்று பாரதி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கூட்டுக் களியிலிருந்து! தோப்பும் நிலவும் குயிலும் தயாராக இருக்கின்றன. கவிதை இன்னும் வரவில்லை. அவள் வந்த பிறகுதான் வருகிறது. இதற்குமேல் நான் என்ன வாதாட?

சாட்சிகள் முடிந்தார்கள். இனி என் பக்கத்து வாதம்.

தனிமை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதுபவருக்குத் தனியாக உட்கார ஓர் இடம் வேண்டும். ஒரு மணி நேரமாவது யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். சரி. ஆனால் உட்காரும் இடத்துக்கும் உட்கார்ந்தவர் மனத்தில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. கவிதையின் உயிருக்குத் தனிமையைப் பாராட்டுவது, சாப்பாட்டின் ருசிக்கு அடுப்பைப் பாராட்டுவது போலத்தான்.

நம் இலக்கணமே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, விலங்கு, பூ எல்லாம் கருப்பொருள். கூடுதல், பிரிதல், காத்திருத்தல், ஊடல், இரங்கல் உரிப்பொருள். “முதல்கரு உரிப்பொருள் என்ற மூன்றே, நுவலுங் காலை முறைசிறந் தனவே” என்கிறது தொல்காப்பியம். முதலைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்று உரையாசிரியர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். மலையையும் கடலையும் இத்தனை நுணுக்கமாகப் பார்த்த ஒரு கவிதை மரபு, அந்த மலையையும் கடலையும் முதல் வரிசையில் உட்கார வைக்கவில்லை. மனிதருக்கு மனிதர் மேல் இருக்கும் ஏக்கத்தைத்தான் அங்கே வைத்தது. அதெல்லாம் காதல்தானே, குடும்பம் எங்கே வந்தது என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. மகள் போன வழியைப் பார்த்து நிற்கும் நற்றாயும், பாலைநிலத்தில் தேடி நடக்கும் செவிலியும் அந்தப் பாட்டுகளில்தான் இருக்கிறார்கள். சரி, காதலை விட்டுவிட்டே பேசுகிறேன், வாருங்கள்.

நற்றிணையில் 172-ஆம் பாட்டு. கடற்கரை. ஒரு புன்னை மரம். அதன் நிழலில் பகலில் சந்திக்கத் தலைவன் வருகிறான். தோழி தடுக்கிறாள். ஏன்? சின்ன வயதில் தோழியரோடு விளையாடும்போது மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோனார்கள். அது முளைத்தது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். “நும்மினும் சிறந்தது, நுவ்வை ஆகும்” என்றாள் அம்மா. உங்களைவிட இது உசத்தி, இது உங்கள் தங்கை என்று. அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது ஐயா, தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா?

இந்தப் பாட்டை முதல்முறை படித்த யாரும் ஒரு நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிடும். புன்னை மரங்கள் ஆயிரம் இருக்கலாம். இந்த ஒரு மரம் நம் மனத்தில் நிற்பதற்கு அதன் பூவோ நிழலோ காரணம் இல்லை. அம்மா என்றைக்கோ பாதி விளையாட்டாகச் சொன்ன ஒரு வாக்கியம் அதற்குள் இருக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களாகியும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும். சொன்னவர் மறந்திருப்பார், கேட்டவர் மறந்திருக்க மாட்டார். இயற்கைக் கவிதை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, அந்த வாக்கியத்தை ஒரு மரத்தின் மேலோ மலையின் மேலோ ஏற்றி வைத்ததுதான். இந்தப் பாட்டை எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மரம் கிடைத்திருக்கிறது, அம்மா சொன்ன சொல்லும் கிடைத்திருக்கிறது.

அடுத்தது நம் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. தெரியும் என்பதாலேயே நின்று பார்க்காமல் கடந்துபோகிறோம். புறநானூறு 112.

“அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.”

பாரியின் மகள்கள் பாடியது. இதைவிடக் கொடிய தனிமை உண்டா? மலை போய்விட்டது, வீடு போய்விட்டது. எதிரணியின் கணக்குப்படி பார்த்தால் கவிதைக்கு எல்லாம் தயார்: நிலவு இருக்கிறது, தனிமை இருக்கிறது. இப்போது இந்தப் பாட்டிலிருந்து ‘எந்தை’ என்ற ஒருவரை மட்டும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது என்ன? போன மாதமும் நிலா வெளிச்சம், இந்த மாதமும் நிலா வெளிச்சம். வானிலை அறிக்கை!

நிலவை வருணிக்க அந்தப் பெண்கள் ஓர் அடைகூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. வெண்ணிலவு, அவ்வளவுதான். அன்றைக்கும் அதே சொல், இன்றைக்கும் அதே சொல். நிலவு மாறவில்லை என்பதுதான் அங்கே கொடுமை. மனிதர் போனால் வருவதில்லை. நிலவும் மழையும் பூக்காலமும் எதுவும் நடக்காதது போலத் திரும்பி வந்துவிடுகின்றன. அவை திரும்பி வரும்போது, திரும்பி வராதவர் யார் என்று நமக்குத் தெரிகிறது. இயற்கையைப் பார்த்தால் ஏன் மனம் கனக்கிறது என்று கேட்டால் என்னிடம் இருக்கும் ஒரே விடை இதுதான். உலகத்தில் எவ்வளவு அழகான மலையாக இருந்தாலும், அதோடு யாரையும் சேர்த்து நினைக்க இல்லாத ஒருவர் அதைப் படம் பிடிப்பார், அளப்பார், ஏறுவார். பாடுவாரா?

இது தமிழுக்கு மட்டும் உள்ள குணம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சீனத்துக்கு ஒரு நடை போய் வருகிறேன். ஆண்டு 756. தாங் பேரரசில் பெரும் கலகம். கவிஞர் து ஃபூ கலகக்காரர் பிடித்த சாங்ஆன் நகரத்தில் மாட்டிக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் வெகு தொலைவில் வேறு ஊரில். இரவு, நிலவு, தனி மனிதர். ஆனால் அவர் பாடிய கவிதையில் அவர் பார்க்கும் நிலவு இல்லை! அவள் பார்க்கும் நிலவுதான் இருக்கிறது. இன்றிரவு அங்கே அவள் தனியாக நிலவைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பிள்ளைகள் சிறிசுகள், சாங்ஆனை நினைக்கும் வயது அவர்களுக்கு இல்லை என்கிறார். இருவரும் ஒன்றாகச் சன்னல் திரையோரம் சாய்ந்து, கண்ணீர் காய்ந்த முகத்தோடு நிலவில் நிற்பது எப்போது என்று முடிக்கிறார். தன் தலைக்கு மேலே இருந்த நிலவைக்கூட அந்த மனிதர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தோழி எமிலி டிக்கின்சனைச் சொன்னார். வீட்டை விட்டு வெளியே வராத கவிஞர். தேனீயையும் புல்லையும் பாடியவர். உண்மை. ஆனால் வெளியே வராமல் அவர் இருந்தது குகையில் அல்ல, அப்பா வீட்டில். பக்கத்து வீட்டில் அண்ணி சூசன். அந்த அண்ணிக்கு மட்டும் 200-க்கும் மேல் கவிதைகளை எழுதி அனுப்பியிருக்கிறார். 1886-இல் எமிலி இறந்த பிறகு கட்டுக்கட்டாகக் கவிதைகளைக் கண்டெடுத்து, அச்சில் வந்தே தீர வேண்டும் என்று நின்றவள் தங்கை லவினியா. தங்கை இல்லாவிட்டால் இன்று தோழிக்கு மேற்கோளே இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உறவே இல்லாத இயற்கைக் கவிதை உண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் பழைய குளம், அதில் குதிக்கும் தவளை, தண்ணீரின் சத்தம். 1686-இல் எழுதியது. எப்படிச் சுற்றி வந்தாலும் அந்தக் குளத்துக்குள் ஓர் அத்தையையோ மாமாவையோ என்னால் இறக்க முடியாது. அந்தத் தவளையை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதே பாஷோ அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்னால், 1684-இல், பிறந்த ஊருக்குப் போகிறார். அம்மா முந்தைய ஆண்டே இறந்துவிட்டாள். அண்ணன் ஒரு சிறு பையைத் திறந்து அம்மாவின் நரைமுடியை எடுத்துக் காட்டுகிறார். பாஷோ எழுதுகிறார்: கையில் எடுத்தால் உருகிவிடும், கண்ணீரின் சூட்டில், இலையுதிர் காலத்து உறைபனி. தவளைக் கவிதையைப் படித்தால் நான் வியக்கிறேன். இந்தக் கவிதையைப் படித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன். தலைப்பில் ‘உயிர்’ என்று ஒரு சொல் இருக்கிறது அல்லவா, நடுவர் அவர்களே, அந்த உயிர் இரண்டில் எதில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. எதிரணி தனிமை, தனிமை என்று சொல்லும்போதெல்லாம் அது நாமே தேர்ந்தெடுத்த தனிமை. விரும்பினால் போகலாம், அலுத்தால் திரும்பலாம், வீட்டில் விளக்கு எரியும். அது இனிதுதான், யார் மறுத்தார்? தேர்ந்தெடுக்காத தனிமையும் உண்டு. 2020-இல் உலகம் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டது. பூ பூத்தது, பறவைச் சத்தம் நன்றாகவே கேட்டது. எதிரணியின் வாதப்படி அது மனித குலத்தின் பொற்காலம். நாமோ சன்னலோரம் நின்று, பார்க்க முடியாத அம்மாவையும் வர முடியாத பிள்ளையையும் எண்ணிக்கொண்டிருந்தோம். புறநானூற்றில் ஒரு கிழவர் இருக்கிறார், தொடித்தலை விழுத்தண்டினார். ஊன்றுகோல், நடுக்கம், இருமலுக்கு நடுவே சில சொல். அவருக்கும் தனிமைக்குக் குறைவில்லை. அவர் எதைப் பாடுகிறார்? இளம்பருவத்தில் கூட்டாளிகளோடு கைகோத்து ஆடிய குளத்தை, மருத மரக் கிளையேறித் ‘துடும்’ என்று குதித்து அடி மணலை அள்ளி வந்த அந்த நாளை. கண்ணெதிரே இருக்கும் இன்றைய குளத்துக்கு அவர் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

முடிக்கச் சொல்லி முதல் மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு கேள்வி. பாடியவர் காவற்பெண்டு. யாரோ ஒருத்தி வந்து சின்ன வீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கே இருக்கிறானோ அறியேன் என்கிறாள் தாய். “புலிசேர்ந்து போகிய கல்லளை போல, ஈன்ற வயிறோ இதுவே.” புலி தங்கிவிட்டுப் போன கற்குகை போல, அவனைப் பெற்ற வயிறு இது. வேண்டுமானால் போர்க்களத்தில் போய்ப் பார்.

குகை, பாறை, வெறுமை, ஆளில்லாத அமைதி. எதிரணி கேட்கும் அத்தனையும் இந்தக் குகையில் இருக்கிறது. அடுத்துப் பேச வரும் தோழி, அந்தத் தாயையும் மகனையும் தொடாமல் இந்தக் குகையின் அழகை மட்டும் நமக்கு விளக்கட்டும். மூன்று நிமிடம் போதுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. என் நேரத்தில் மிச்சம் இருந்தால் அதையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

நன்றி, வணக்கம்.